விழுந்து கிடந்தவர் குடித்திருக்கவில்லை

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலருக்கு நான் எழுதுகிறேன் என்றதும் பெரியப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கபடியைப் பற்றி எழுது, வாங்கிய கோப்பைகளைப் பற்றி எழுது, நடுவில் நடந்ததை விட்டுவிடு என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அதை நாம் விட்டுவிட்டால், ஊர் தனக்குத் தெரிந்த கதையையே சொல்லிக்கொண்டிருக்கும். அந்தக் கதை பொய். அதனால் முழுவதையும் எழுதுகிறேன். படிக்கச் சங்கடமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடமாக நாங்களும் பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில், தக்காளி பயிரிட்டுப் பிழைத்த குடும்பத்தில் அண்ணன் பிறந்தார். நான் அவருக்கு ஆறு வயது இளையவள். அப்பா காலமானபோது அண்ணன் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தார். அதன்பின் விடியற்காலையில் மார்க்கெட்டில் தக்காளிக் கூடை இறக்குவார், குளித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவார், சாயங்காலம் கபடி ஆடுவார். எதிரணிப் பக்கம் பாடிப் போனால், நான்கு பேர் மடக்கினாலும் கோட்டைத் தொட்டுவிடுவார். மாவட்ட அணி, மாநில அணி என்று போனவரை, வடநாட்டுத் தொழில்முறை அணி ஒன்று எடுத்துக்கொண்டது. அண்ணனைத் தொலைக்காட்சியில் பார்த்த முதல் நாள், அம்மா திரைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு உட்காரவே மறுத்துவிட்டார். ஊர் முகப்பில் அண்ணனுக்கு ஆள் உயரத்துக்கு பேனர் வைத்தார்கள். நான் நர்சிங் படித்தது அண்ணன் ஆடிய ஆட்டத்தினால்தான்.

இரண்டாம் வருடம் அவருடைய வலது முழங்காலில் தசைநார் கிழிந்தது. வெளியே பார்த்த மருத்துவர், அறுவை சிகிச்சையும் ஒன்பது மாத ஓய்வும் வேண்டும் என்றார். அணியின் மருத்துவர்கள், ஊசி போட்டுக்கொண்டு ஆடலாம் என்றார்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் ஓர் ஊசி, ஆட்டம் இல்லாத நாட்களில் மாத்திரை.

"ஊசி போட்டா வலியே தெரியல பாப்பா. கால் இருக்கறதே தெரியல" என்று போனில் சந்தோஷமாகச் சொன்னார்.

நான் அப்போது இரண்டாம் ஆண்டு மாணவி. வலி தெரியாததால் காயம் ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை அண்ணா, ஆடாதே என்று சொன்னேன். அவங்களெல்லாம் பெரிய டாக்டருங்க, அவங்களுக்குத் தெரியாததா என்று கேட்டார். அவர்களுக்குத் தெரியும். தெரிந்தேதான் போட்டார்கள். அடுத்த வருடம் முழுவதும் அப்படியே ஆடவைத்தார்கள். கடைசியில் ஆட்டத்தின் நடுவே அந்த முழங்கால் முற்றிலும் விட்டுப்போனது. தூக்கிக்கொண்டு வெளியே கிடத்தினார்கள். அதற்குப் பிறகு அந்த அணியிலிருந்து ஒருவர்கூட, கால் எப்படி இருக்கிறது என்று ஒரு போன் செய்து கேட்கவில்லை.

ஊசி நின்றது. உடம்பு அதைக் கேட்பது நிற்கவில்லை. எல்லையைத் தாண்டி கர்நாடகப் பக்கம் போய், மருத்துவர் சீட்டு இல்லாமலே மாத்திரை கொடுக்கும் கடையைக் கண்டுபிடித்தார். மாத்திரை கிடைக்காத நாளில் சாராயக் கடைக்குப் போனார். அதுவரை பீடி புகைகூட ஆகாதவர் அவர். அப்படிப் போன நான்கு வருடங்களை நான் மறைக்கப் போவதில்லை. வீட்டுக் கதவை உடைத்தார். அம்மாவைக் கேட்கக் கூடாத வார்த்தை கேட்டார். ஒரு நாள் அண்ணி பரிமாறிய தட்டைச் சுவரில் வீசினார். அன்று அண்ணி, "கொழந்தை பயந்துக்கிட்டு சோறே திங்க மாட்டேங்குதுங்க அத்தை" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, குழந்தையோடு பென்னாகரத்தில் தாய் வீட்டுக்குப் போனார். புருசனைக் கஷ்டகாலத்தில் விட்டுவிட்டுப் போனவள் என்று அண்ணியைப் பேசிய உறவினர்களில் ஒருவராவது, அந்த நான்கு வருடத்தில் எங்கள் வூட்டுப் படி ஏறி என்ன என்று கேட்டதுண்டா?

வெளியூரில் மறுவாழ்வு இல்லம் என்று பெயர் வைத்திருந்த ஒரு தகரக் கொட்டகையில் அண்ணனைச் சேர்த்தோம். நானும் அம்மாவும்தான் கையெழுத்துப் போட்டோம். நாற்பது நாள் கழித்து, சங்கிலி அறுத்த தழும்போடு திரும்பி வந்தார். செத்தாலும் இங்கேயே சாகிறேன், அங்கே மட்டும் அனுப்பாதீங்க என்று அம்மாவின் காலைப் பிடித்தார்.

அதன் பிறகுதான் தர்மபுரி அரசு மருத்துவமனைக்குப் போனோம். அங்கே மனநலப் பிரிவில் இருந்த பெண் மருத்துவர், அம்மாவையும் அண்ணனையும் பக்கத்தில் உட்காரவைத்து எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, "இவர் கெட்டவர் இல்லீங்கம்மா. இது வியாதி. வலிக்குன்னு குடுத்த மருந்துல வந்த வியாதி" என்றார். அண்ணன் அந்த நாற்காலியிலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அதுவரை யாரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. நான் நர்ஸ், நானும் சொன்னதில்லை.

அங்கேயே சிகிச்சை எடுத்தார். ஒரு முறை தவறினார். மறுபடி போனார். இரண்டாவது முறை பிடித்துக்கொண்டார். அண்ணி யாரும் கூப்பிடாமல் தானாகவே திரும்பி வந்தார். தர்மபுரிக்குப் பக்கத்தில் இண்டூரில் வாடகைக்கு வீடு எடுத்துக் குடியேறினார்கள். அதன் பிறகு இரண்டு வருடம் மூன்று மாதம், கடைசி மூச்சு வரைக்கும், அண்ணன் ஒரு சொட்டுக் குடிக்கவில்லை, ஒரு மாத்திரை தொடவில்லை. முழங்கால் தினமும் வலித்தது. வலியோடுதான் இருந்தார்.

அந்தப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பெண்கள் கபடி அணிக்குப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார். ஒரு போட்டியில் அணியின் முக்கியமான பெண்ணுக்குக் கணுக்கால் பிசகியது. ஆடுகிறேன் சார் என்று அந்தப் பெண் அழுதும், அண்ணன் வெளியே உட்காரவைத்துவிட்டார். அணி தோற்றது. பெண்ணின் அப்பா சண்டைக்கு வந்தார்.

"தோத்தா அடுத்த வருசம் ஆடிக்கலாங்க. காலு போச்சுன்னா நீங்களும் நானும் குடுக்க முடியுமா?" என்று அண்ணன் கேட்டார்.

அடுத்த வாரமே நான்கைந்து பேர் பள்ளிக்குப் போய், குடிகாரனிடமா எங்கள் பெண்களை விடுவது என்று கேட்டார்கள். பள்ளியில், இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பெண்கள் சனி ஞாயிறுகளில், அறுவடை முடிந்த ஒரு வயலில் அண்ணனிடம் வந்து பழகினார்கள். அவர்களுக்கு முழங்கால் உறை வாங்கத்தான் அன்று அண்ணன் தர்மபுரிக்கு வந்தார்.

காலை பதினோரு மணி இருக்கும். பேருந்து நிலையத்தில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் அப்படியே சரிந்தார். சுற்றி நூறு பேராவது இருந்திருப்பார்கள். அவரைத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். பழைய ஆளுதான், தெளிஞ்சா எந்திரிச்சுப் போவான் என்று ஒருவர் சொல்லிவிட்டு பஸ் ஏறினாராம். இன்னொருவர் கைபேசியில் படம் எடுத்து, முன்னாள் கபடி வீரரின் இன்றைய நிலை என்று எழுதிப் போட்டார். அண்ணன் மருத்துவமனைக்குப் போய்ச் சேரும் முன்பே, அந்தப் படம் நம் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

எனக்கும் போன் வந்தது. "உங்கண்ணன் பஸ் ஸ்டாண்டுல கெடக்கறாருங்க, மறுபடியும் போட்டுட்டாரு போல" என்றார் தெரிந்த ஒருவர். நான் வேலை செய்யும் மருத்துவமனை அங்கிருந்து நடக்கும் தூரம்தான். எனக்குப் பயம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. கையிலிருந்த வேலையை முடித்து, அடுத்த நர்ஸிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்ப இருபது நிமிடம் ஆனது. மூச்சு இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. யாரோ ஒரு நோயாளியாக இருந்திருந்தால் அதைத்தான் முதலில் கேட்டிருப்பேன்.

நாற்பது நிமிடம் அப்படிக் கிடந்தார். பிறகு அங்கே கொய்யாப்பழம் விற்க வந்த ஓர் அம்மா, கூடையை இறக்கிவைத்துவிட்டு அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். "வாயில ஒரு வாசமும் இல்லீங்க. இந்த ஆளு குடிக்கல. யாராச்சும் வண்டிய நிறுத்துங்க" என்று கூவினார். ஓர் ஆட்டோக்காரர் நிறுத்தினார். நான் போய்ச் சேர்ந்தபோது ஆட்டோ கிளம்பியிருந்தது. மாரடைப்பு என்றும், அரைமணி நேரம் முன்னால் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றும் மருத்துவர் சொன்னார். இரத்தத்தில் மது இல்லை என்று எழுதி வாங்கினேன். துக்கத்துக்கு வந்தவர்களிடம் அந்தக் காகிதத்தைக் காட்டினேன். அதைப் படித்துவிட்டு, வெளியே போய், குடிச்சே போயிட்டான் என்று பேசியவர்களையும் பார்த்தேன். மூன்றாம் நாள் கபடி வேங்கை என்று பேனர் வைத்தவர்கள்தான், முன்பு பள்ளிக்குப் போய் அவரை நிறுத்தியவர்கள்.

எங்களுக்குத் துணை நின்றவர்களுக்கு இந்தக் குடும்பம் தலைவணங்குகிறது. அந்த மருத்துவர் அம்மாவுக்கும், ஆட்டோ ஓட்டி வந்த தம்பிக்கும், விளையாட்டு உடையிலேயே வந்து, சுடுகாடு போகும் வழி வரைக்கும் அண்ணனுக்குப் பின்னால் நடந்த அந்தப் பதினோரு பெண்களுக்கும், எல்லாப் பேச்சையும் வாங்கிக்கொண்டு வாய் திறக்காத அண்ணிக்கும் எங்கள் நன்றி. கொய்யாப்பழம் விற்கும் அந்த அம்மா இன்றைய நினைவு நாள் சாப்பாட்டுக்கு வருகிறார். முதல் இலை அவருக்கு.

மற்றவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். என் இருபது நிமிடத்தை அழிக்க எனக்கு வழியில்லை. உங்கள் கைபேசியில் அந்தப் படம் இன்னும் இருக்கிறதென்றால், அதை அழிக்க உங்களுக்கு வழி இருக்கிறது. அழித்துவிட்டு வாருங்கள், சாப்பிடலாம்.

தங்கை