காலரில் இருந்த கறுப்புக் கறை

எனக்கு வந்த அரிப்புக்கு மருமகள் சுதா வாங்கும் சோப்புத்தூள்தான் காரணம் என்று மாதக்கணக்கில் அவளைப் பழித்தேன். என் சட்டைகளை மட்டும் தனியாக, கையால் துவைக்க வைத்தேன். கல்லூரியில் வேதியியல் கற்பித்த நான் செய்த அநியாயம் இது.

நெற்றியோரமும் பிடரியும் புண்ணானதும், பிரேசர் டவுனில் ஒரு தோல் மருத்துவரிடம் சுதாவே அழைத்துப்போனாள். எனக்கு அதுதான் முதல் முறை. பார்த்ததும் களிம்பு எழுதித் தருவார் என்று நினைத்தேன். டாக்டரம்மாவோ சோப்பு, எண்ணெய், பவுடர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

“தலைக்கு டை போடுவீங்களா சார்?”

“இல்லம்மா.”

விளக்கு பொருத்திய லென்ஸை நெற்றியோரம் வைத்துப் பார்த்தார். “வேரெல்லாம் வெள்ளையா இருக்கே சார்!”

சுதா சுவரைப் பார்த்துக்கொண்டாள். குளியலறையில் தாழிட்டுக்கொண்டு டை பூசுவதை ஒப்புக்கொண்டேன். சந்தேகப்பட்ட பொருள்களை முதுகில் சிறு ஒட்டுகளாக ஒட்டிச் சோதித்ததில், புண்ணுக்கு அந்த டைதான் காரணம் என்பது பிறகு உறுதியானது.

சோதனை முடிவுக்குக் காத்திராமல், அன்று வீடு திரும்பும் ஆட்டோவிலேயே சுதாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

“காலர்ல கறுப்புக் கறையைத் தேய்க்கிறப்பவே டைன்னு தெரியும் மாமா.”

“ஏம்மா சொல்லல?”

“நீங்க கதவைச் சாத்திட்டுப் போடறதை நான் எப்படிக் கேக்கறது?”

இப்போது டையும் இல்லை, அரிப்பும் இல்லை. மருத்துவர் கேட்டால் எதையும் மறைப்பதில்லை. எல்லோர் துணியோடும் என் சட்டைகளை மெஷினில் நானே போடுகிறேன். முதல் நாள் சுதா ஓடிவந்து தன் வெள்ளைத் துப்பட்டாவை வெளியே எடுத்தாள்.

“இன்னும் ரெண்டு வாஷ் போகட்டும் மாமா, அப்புறம் நம்பறேன்.”