இரைச்சலுக்குள் அம்மா பாடியது

எனக்கு எழுபத்தாறு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். இன்று காலை பேத்தி யாழினி காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, தானே கட்டிய பாட்டுக்குச் சத்தமில்லாமல் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். என் அம்மாவின் உதடும் அப்படித்தான் அசையும்.

அம்மாவுக்குப் புதுச்சேரியில் மில் வேலை, நூல் சுற்றுவாள், அறுந்த இழையை முடிச்சுப்போட்டு முடிவாள். கோடை லீவில் சோறு கொண்டுபோகும்போது ஜன்னல் வழியே பார்ப்பேன். மிஷின் இரைச்சலில் அவள் வாய் அசையும், ஒன்றும் கேட்காது. ஒருநாள் சாப்பிட வெளியே வந்தவளிடம் கேட்டேன்.

"என்னாம்மா பாடற?"

"நானே கட்டினதுடி. மேஸ்திரிய வையற பாட்டு. அந்தச் சத்தத்துல எவனுக்குக் கேக்கப்போவுது?"

பாட்டு என்றால் ரேடியோவில் வருவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். வீட்டில் பாடச் சொன்னால், "எவனாச்சும் போய்ச் சொன்னா வேல போயிடும்டி" என்பாள். கோடை முழுக்கக் கெஞ்சினேன். பள்ளி திறப்பதற்கு முதல்நாள், எனக்குத் தலை பின்னிக்கொண்டே காதருகில் ஒரே ஒருமுறை பாடினாள்.

"நூலு அறுந்தா நான் முடிஞ்சேன்,
கையி அறுந்தா யாரு முடிவா?"

வசவு ஒரு வார்த்தைகூட இல்லை. பின்னி முடித்ததும் அவள் விரல்களைத் திருப்பிப் பார்த்தேன். நூல் அறுத்த கோடுகள்.

மூன்றாம் வகுப்போடு நின்ற என் எழுத்தில் இன்று அந்தப் பாட்டை எழுதிவிட்டேன். யாழினி, படித்துக் காட்டு. வாய்க்குள் வேண்டாம், தெருவுக்கே கேட்கட்டும்.