கம்போஸ்ட் கணக்கு

பள்ளிக்கூடத்துக்குப் பின்தெருவில், பச்சைக் கதவு போட்ட வீட்டு வாசல் வந்ததும் மரியம்மாள் நின்றுவிடுவாள். இடது கால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்து, கவிழ்த்துப் பிடித்து, உள்ளங்கையால் தட்டுவாள். உள்ளே புகுந்த கல்லை உதறுகிறாளாம். அந்தச் செருப்பில் என்றைக்கும் கல் இருந்ததில்லை. தட்டி முடித்து, கதவைப் பார்த்தபடியே செருப்பைத் தொப்பென்று கீழே போட்டுக் காலை நுழைத்துக்கொண்டு, நூல் வாங்கக் கடைத்தெருப் பக்கம் நடப்பாள். எதிர்வீட்டில் தறி நெய்கிறவர்கள் ஆரம்பத்தில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வருஷங்கள் போகப்போகப் பழகிவிட்டது. "செருப்பம்மா போவுது, டீ குடிக்கற நேரம்பா" என்று எழுந்துகொள்ளும் அளவுக்குப் பழகிவிட்டது.

பச்சைக் கதவு வீடு கணக்கு வாத்தியார் திருஞானசம்பந்தத்தினுடையது. மரியம்மாளின் அப்பா உயிரோடிருந்த காலத்தில், அந்தத் தெருவில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தவர். மகளும் கையில்தான் எடுத்தாள். எடுத்த விதம் வேறு.

அவள் முசரவாக்கத்துக் காலனியில் தையல்காரி. அப்பாவும் அம்மாவும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தபோது அவளுக்குக் கையில் இருந்தது சிஸ்டர்கள் கற்றுக்கொடுத்த தையலும், யேசுதாஸ் என்கிற தம்பியும்தான். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம், "தம்பி படிச்சு முடிக்கட்டும்" என்று தள்ளிவிட்டாள். தள்ளினது அப்படியே தள்ளிப்போயிற்று. அவள் ஐந்தாவதோடு நின்றவள். தம்பிக்கோ கணக்கு தண்ணீர் பட்ட பாடு. துணியைப் பார்த்த மாத்திரத்தில், எப்படி மடித்தால் இன்னொரு குழந்தைச் சட்டை கூடக் கிடைக்கும் என்று சொல்லிவிடுவான். வகுப்பில் கணக்கில் அவனை மிஞ்ச ஆளில்லை.

அறுபத்திரண்டாம் வருஷம், பள்ளிக்கூடம் திறந்த ஜூன் மாதம். யேசுதாஸ் பத்தாம் வகுப்புக்குப் போயிருந்தான். அந்த வகுப்பில்தான் பையன்கள் இரண்டாகப் பிரிவார்கள். ஒரு கூட்டம் ஜெனரல் கணக்கு, ஒரு கூட்டம் காம்போசிட் கணக்கு. ஜெனரல் சுலபம், பதினோராம் வகுப்பில் வரும் எஸ்.எஸ்.எல்.சி.யைத் தாண்டிவிடலாம். ஆனால் காம்போசிட் படித்தவனுக்குத்தான் காலேஜில் முதல் குரூப். அதற்குப் பிறகு இன்ஜினீயரிங். இதைக் காலனியில் ஒருவரும் அறிந்திருக்கவில்லை. அறிந்து சொல்ல, அதுவரை அங்கிருந்து காலேஜுக்குப் போனவர்களும் இல்லை.

"அக்கா, நாளைக்கு வாத்தியார் கேப்பாரு. ஜெனரலா, காம்போசிட்டான்னு. எத்த எடுக்கட்டும்?"

"இன்னாதுடா? கம்போஸ்டா?"

அந்த வருஷம்தான் பிளாக் ஆபீஸ்காரர்கள் வந்து காலனிக்குப் பின்னால் குழி வெட்டி, சாணியும் குப்பையும் கொட்டச் சொல்லி, 'கம்போஸ்ட் குழி' என்று பலகை நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். காற்று திரும்பினால் சோறு இறங்காது.

"குப்பைக் குழி இங்கியே நாறுது, பள்ளிக்கூடத்துலயும் அத்தையா படிப்பே? ஜெனரல்னா பெருசுடா. மெட்ராஸ்ல ஜெனரல் ஆஸ்பத்திரி இல்ல? மிலிட்டிரில ஜெனரல் இல்ல? அதையே எடு."

இருவரும் சிரித்துக்கொண்டார்கள். மறுநாள் வாத்தியார் கேட்டபோது யேசுதாஸ் எழுந்து நின்று சொன்னான்: "ஜெனரல் சார். எங்கக்கா கம்போஸ்ட் வேணான்னு சொல்லிச்சு சார்."

வகுப்பே குலுங்கியது. திருஞானசம்பந்தம் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் வரைக்கும் சிரித்தார். கணக்கில் முதல் பையன் எதைத் தவறவிடுகிறான் என்று அந்த அறையில் அறிந்தவர் அவர் ஒருவர்தான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "உங்கக்கா சரியாத்தான் சொல்லியிருக்கா. குழி வாசம் உங்களுக்குத் தெரியாததா?" என்று சொல்லிப் பெயரை ஜெனரலில் எழுதிக்கொண்டார்.

விஷயம் புரிந்து, மாற்றிக்கொடுங்கள் சார் என்று யேசுதாஸ் போய் நின்றபோது, "பாவு நீட்டியாச்சுப்பா. இனிமே பிரிச்சா நூல்தான் அறும்" என்றார். பாவு என்பது தறியில் நெடுக்கே இழுத்துக் கட்டும் நூல்; தறி ஊரில் எல்லாருக்கும் புரிகிற பேச்சு. பள்ளியை விட்டுப் போகிறவரை அவனுக்குக் கம்போஸ்ட் என்றே பெயர்.

அதுவரை இதில் ஒரு வரியைக்கூட அவன் அக்காவிடம் சொல்லவில்லை. எஸ்.எஸ்.எல்.சி.யில் பள்ளிக்கே இரண்டாவதாக வந்து, மெட்ராஸில் பேர் பெற்ற ஒரு காலேஜுக்கு நேர்முகத்துக்குக் கூப்பிட்டபோது அவளும் கூடவே போனாள். தம்பிக்கு அவளே தைத்த முழுக்கைச் சட்டை. வராந்தாவில் அவள் காத்திருக்க, உள்ளே போன வேகத்தில் திரும்பி வந்தான்.

"மார்க்கு நல்லா இருக்குதாம். ஜெனரல் கணக்குக்கு முதல் குரூப் கெடையாதாம். வேற குரூப் தரேன்னாங்க. வேணான்னுட்டேன்."

திரும்பி வரும் பஸ்ஸில்தான் எல்லாவற்றையும் சொன்னான்: வகுப்பு சிரித்தது, குழி வாசம், பாவு, பட்டப்பெயர். 'நீ சொன்னதால்தானே அக்கா' என்று மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் அழுதிருப்பாள், அதோடு தீர்ந்திருக்கும். அவன் சொல்லாததால் அது அத்தனையும் வேறொரு வாசலைத் தேடிப் போயிற்று. மறுநாள் காலை பச்சைக் கதவின் முன்னால் முதன்முதலாகச் செருப்பைக் கழற்றினாள்.

யேசுதாஸ் அரக்கோணத்தில் ரயில்வேயில் சேர்ந்துவிட்டான். மரியம்மாள் நடந்த கதையைக் காலனி முழுக்கச் சொன்னாள். வாத்தியார் சிரித்தது வந்தது, அவர் சொன்ன சொல் வந்தது. 'எங்கக்கா சொல்லிச்சு' மட்டும் வரவில்லை. எங்கே வெட்டினால் தையல் தெரியாது என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

ஆனால் செருப்பு உதறி யாருடைய தூக்கம் கெட்டது? அவளுக்குப் பெரிதாக வேண்டியிருந்தது. அடுத்த ஜூன் மாதம் அதுவே கையில் வந்து விழுந்தது. காலனிப் பையன்கள் அத்தனை பேரும் பள்ளிக்கூடச் சட்டைக்கு அளவு கொடுக்க அவளிடம்தானே வரவேண்டும்!

"பத்தாவதா? இன்னா கணக்கு எடுக்கப் போறே?"

"ஜெனரல்க்கா."

"நாக்க மாத்து. காம்போசிட்."

"கஷ்டமாமேக்கா?"

"அப்ப காலர் வெக்கமாட்டேன். கழுத்தில்லாத சட்டைய மாட்டிக்கினு போ, மொட்டக்கோழி மாதிரி."

இப்போது அந்தச் சொல்லை அவள் அட்சரம் பிசகாமல் உச்சரித்தாள். அம்மாக்களிடமும் அதையே சொன்னாள்: "அந்தாளு வகுப்புல நம்ம பசங்களா ரொம்பி வழியணும். ஒவ்வொரு மூஞ்சியா பாத்துப் பாத்து அவரு பாடம் நடத்தணும். எவன் அங்கேருந்து மெட்ராஸுக்கு முதல் குரூப் போறானோ, அவனுக்கு முழுக்கைச் சட்டை நான் தெச்சுத் தரேன்." மெட்ராஸ் போகும் பையனைப் பச்சைக் கதவுக்கு அழைத்துப்போய் என்ன சொல்லவேண்டும் என்பதும் தயாராக இருந்தது. மெஷினை மிதிக்கும்போதெல்லாம் அதைச் சொல்லிப் பார்த்துக்கொள்வாள்.

அப்படி அளவு கொடுக்க வந்தவர்களில் ஒருவன் தாவீது.

"எனக்குக் கணக்கு வராதுக்கா. தமிழ்லயும் சரித்திரத்துலயும் நான்தான் முதல். ஜெனரல் எடுத்தா பாஸாயிடுவேன். காலேஜுல சரித்திரம் படிச்சு வாத்தியாராவலாம்னு பாதர் சொன்னாரு."

"சரித்திரம் எங்கியும் ஓடிப்போவாது. காலர் வேணுமா, வேணாவா?"

தாவீதுக்குக் காலர் கிடைத்தது. காலாண்டுப் பரீட்சை முடிந்து வந்து நின்றான். மூஞ்சி செத்திருந்தது.

"ஒம்போது மார்க்குக்கா. வாத்தியாரே கூப்ட்டு, ஒனக்கு இது வேணாம்பா, வூட்டுலேர்ந்து பெரியவங்க யாராவது வந்து ஒரு வார்த்த சொன்னா ஜெனரலுக்கு மாத்திடறேன்னாரு. எங்கம்மா ஒன்னைத்தான் கேக்கச் சொல்லிச்சு. நீ வந்து சொல்றியாக்கா?"

வாத்தியார் அதை அக்கறையில் சொன்னாரா, காலனிப் பையன்களில் ஒருவன் குறையட்டும் என்று சொன்னாரா? யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. மரியம்மாள் அதை யோசிக்கவே இல்லை. மாற்றச் சொல்வது அந்த ஆள் என்பதே அவளுக்குப் போதுமாயிருந்தது.

"அவரு சொன்னாரா? அப்ப மாத்தவே கூடாது."

"அக்கா, எனக்கு வராதுக்கா. நெஜமா வராது."

"பாவு நீட்டியாச்சுடா. இனிமே பிரிக்க முடியாது."

சொல் வெளியே வந்த பிறகுதான் அது யாருடைய வாயிலிருந்து வந்த சொல் என்று உறைத்தது. ஊசி நின்றது. ஒரு கணம்தான். மறுபடி மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள், தாவீது போய்விட்டான்.

எஸ்.எஸ்.எல்.சி.யில், மார்ச்சில் கணக்கில் போயிற்று. செப்டம்பரிலும் போயிற்று. தமிழில் பள்ளிக்கே முதல் மார்க் வாங்கியவன் லாரியில் கிளீனராக ஏறினான். அடுத்த வருஷமும் ஜூன் வந்தது. மரியம்மாள் டேப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

எழுபத்தொன்றில் அவள் காத்திருந்த பையன் வந்தான். பூவராகவன். காம்போசிட்டில் நூற்றுக்கு நூறு. யேசுதாஸைத் திருப்பியனுப்பிய அதே காலேஜில் முதல் குரூப். முழுக்கைச் சட்டையை ராவோடு ராவாகத் தைத்து, காலையில் அவனுக்கு மாட்டி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பச்சைக் கதவின் முன்னால் அன்றைக்குச் செருப்பை உதறவில்லை. செருப்போடு படியேறிக் கதவைத் தட்டினாள்.

திருஞானசம்பந்தம் அந்த வருஷம்தான் ஓய்வு பெற்றிருந்தார். பனியனோடு வந்து திறந்தார்.

"சார், இவன் முசரவாக்கம் காலனி. காம்போசிட்ல நூத்துக்கு நூறு. மெட்ராஸ்ல முதல் குரூப் கெடச்சிருக்குது. கம்போஸ்ட் குழியில வெளஞ்சது சார். வாசம் வருதா பாருங்க."

எத்தனையோ வருஷம் சாணை பிடித்த வார்த்தைகள். அவர் காதில் அவை ஏறவே இல்லை. பையனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டேய் பூவராகவா! கெடச்சுதாடா? எனக்குத் தெரியும்டா!" என்று தோளைப் பிடித்து உலுக்கினார். பிறகுதான் அவள் பக்கம் திரும்பினார். "கம்போஸ்ட்னு ஏதோ சொன்னீங்களேம்மா, இன்னாது?"

"யேசுதாஸ். எங்க தம்பி. கம்போஸ்ட் வேணான்னு சொன்னான். நீங்க சிரிச்சீங்க. குழி வாசம்னு சொன்னீங்க."

"யேசுதாஸா? எத்தினியோ பசங்கம்மா, நெனப்பில்லியே." சட்டென்று முகம் மாறியது. "இரு, இரு. கம்போஸ்ட்... ஆமா, ஒரு பையன் சொன்னான். ஸ்டாப் ரூம்ல அத்த சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். அவங்கக்கா சொல்லிச்சுன்னு..." நிறுத்திவிட்டு அவளை உற்றுப் பார்த்தார். கேலி ஏதும் இல்லை குரலில். "அந்த அக்கா நீங்கதானா?"

அவள் வெட்டியெறிந்த துண்டை, பையனின் முன்னால், எடுத்து நீட்டிவிட்டார். பழி தீர்க்கப் போன இடத்தில் எதிராளிக்கு அவள் தம்பியின் பெயர்கூட நினைவில்லை. அவள் செய்தது மட்டும் நினைவிருந்தது. மரியம்மாள் படியிறங்கினாள்.

"அக்கா, அந்தக்கா நீயா?" என்று பின்னாலேயே ஓடிவந்தான் பூவராகவன்.

"வாடா, பஸ் போயிடும்."

பூவராகவன் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. அடுத்த வாரம் லாரியை ரோட்டில் நிறுத்திவிட்டுத் தாவீது வந்தான். டிரைவராகியிருந்தான், மீசை வைத்திருந்தான்.

"யேசுதாஸண்ணனுக்கு நீ தப்பா சொல்லிக் குடுத்தது எனக்குப் பெருசில்லக்கா. யாருக்குத் தெரியும் அப்ப? நான் வந்து வராதுன்னு சொன்னேனே. கெஞ்சினேனே. அவரே மாத்தறேன்னாரே. அப்ப ஏன்க்கா என்னை விடல? அத்த மட்டும் சொல்லு."

மரியம்மாளின் உதட்டில் குண்டூசிகள் இருந்தன. அவற்றை எடுக்காமல், எழுந்து டேப்பை அவன் தோளில் வைத்தாள். தோள், கை, மார்பு என்று அளந்தாள். அவன் அசையாமல் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டான். நல்ல துணியில் முழுக்கைச் சட்டை தைத்துக் கொடுத்தனுப்பினாள். கொண்டுபோனவனே மறுநாள் திருப்பிக் கொண்டுவந்தான். "சட்டை கேக்கலியாம். கேட்டது வேறயாம்."

செருப்பு உதறுவதை அவள் விடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கதவைப் பார்க்காமல், கையிலிருந்த செருப்பையே பார்த்துக்கொண்டு தட்டினாள். ஜூன் மாதம் அளவு கொடுக்க வந்தவர்களிடம், "உனக்கு எது வரும்?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, எதைச் சொன்னாலும் காலர் வைத்துக் கொடுத்தாள்.

எழுபத்தாறில் கண் மங்கி ஊசி கோக்க முடியாமல் போனதும், யேசுதாஸ் அவளை அரக்கோணத்துக்கு வரச் சொன்னான். மெஷினையும் பெட்டியையும் ஏற்ற லாரியோடு வந்தவன் தாவீது. கூப்பிட்டது யார் என்று அவள் கேட்கவில்லை. முன் சீட்டில் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பெட்டியில், துணிகளுக்கு அடியில், அந்தச் சட்டை.

வழி நெடுக அவள் ஒரு வாக்கியத்தைக் கட்டிக்கொண்டே வந்தாள். உன்னைத் தூக்கி எறிஞ்சு அந்தாள அடிக்கப் பாத்தேன்டா. அவ்வளவுதான். வாத்தியாருக்கென்று எத்தனை வார்த்தையைத் தீட்டி வைத்திருந்தாள்! தாவீதுக்கு இந்த ஒன்றுதான். ஊருக்கு முன்னால் ரயில்வே கேட் மூடியிருந்தது. தாவீது இன்ஜினை அணைத்தான். இருவரும் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தாவீது..."

"சொல்லுக்கா."

கூட்ஸ் வண்டி ஒன்று வந்தது. நீளமாகப் போய்க்கொண்டே இருந்தது. போய் முடிந்ததும் கேட்டைத் திறந்தார்கள். பின்னால் நின்றவன் ஹாரனை அமுக்கினான். தாவீது அவள் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

யேசுதாஸ் வீட்டு வாசலில் தாவீது மெஷினைத் தனியாகவே தூக்கி இறக்கி வைத்தான்.

"எல்லாம் சரியா இருக்குதா பாத்துக்கோக்கா."

"இருக்குதுபா."

லாரி திரும்பிப் போயிற்று. அவன் கேட்டதற்குப் பதில் இன்னும் அவளிடம்தான் இருக்கிறது.