பாசிப்பாறையில் நிற்காத கால்கள்

ஆனி மாதச் சாரல் தொடங்கிவிட்டால் குற்றாலத்தில் பேரருவியிலிருந்து செண்பகாதேவி அருவிக்கு ஏறுகிற பாதையில் கல்லெல்லாம் பச்சை பிடித்துவிடும். அந்தப் பாதையில் நான் பதினொரு வருஷம் டோலி தூக்கினேன். ஏற முடியாதவர்களைத் தூளியில் உட்கார வைத்து, மூங்கில் கம்பின் இரு முனையிலும் தோள் கொடுத்து மேலே கொண்டுபோவோம். பருமனான ஆளென்றால் நான்கு பேர் வேண்டும். மற்றபடி நானும் என் மனைவியின் அண்ணனும்தான். மச்சான் முன்கம்பு, நான் பின்கம்பு. முன்னால் போகிறவர் உட்கார்ந்திருப்பவரிடம் நாலு வார்த்தை பேச வேண்டும். எனக்கு அது வராது.

இரண்டாம் உலகச் சண்டைக்கு முந்தின வருஷம் மச்சானுக்குக் கால் வழுக்கத் தொடங்கியது. பெரிதாக ஒன்றும் விழவில்லை. ஒரு கல்லில் அரையடி சறுக்குவார், கம்பு ஆடும், தூளியில் இருப்பவர் முருகா என்பார். மற்ற டோலிக்காரர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

“அண்ணாச்சிக்கு அருவித் தண்ணி பத்தல. வேற தண்ணியும் உள்ள போகுது போல” என்று ஒருவன் சொன்னான்.

மச்சானும் சிரித்தார். அவர் கள்ளைத் தொடாதவர். ஆனால் கால் நிற்காதவன் என்று பேர் விழுந்துவிட்டால் யாரும் கம்பைத் தோளில் வைக்க விடமாட்டார்கள். அவருக்கு நிலம் கிடையாது, வேறு தொழிலும் தெரியாது. அதனால் அவர் காலை எப்படியாவது கல்லில் நிற்க வைத்துவிட வேண்டும் என்று நான் இறங்கினேன்.

முதலில் ஆற்று மணலை மடியில் கட்டிக்கொண்டு போய், மோசமான பாறைகளில் தூவிப் பார்த்தேன். சாரல் அதைக் கழுவிக்கொண்டு போனது. பிறகு தென்னை நார்க்கயிற்றை உள்ளங்காலுக்குக் குறுக்கே மூன்று சுற்று, குதிகாலைச் சுற்றி ஒரு சுற்று என்று கட்டிக்கொண்டு நடந்தேன். நார் பாசிக்குள் இறங்கிக் கல்லைப் பிடித்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மறுநாள் காலையிலேயே மச்சானை உட்கார வைத்து அவர் கால்களிலும் கட்டிவிட்டேன். அவர் அப்போதும் வழுக்கினார். இறங்கி வந்து கயிற்றை அவிழ்த்தபோது விரல்களெல்லாம் நீலம் பாய்ந்திருந்தன. இவ்வளவு இறுக்கமாக இருந்தால் சொல்லக்கூடாதா என்று கேட்டேன். இருக்கட்டும் மாப்ளே என்று சொல்லிவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டார்.

அடுத்த சாரலுக்கு முன்னால் தென்காசியில் பழைய பஸ் டயரில் அடி வைத்துச் செருப்புத் தைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு ஜோடி வாங்கி வந்தேன். ரோட்டில் அருமையாக இருந்தது. பாசியில் சோப்புக்கட்டி மாதிரி ஓடியது. தைத்தவரிடமே திரும்பக் கொண்டுபோனேன். அவர் அடியில் கொண்டை வைத்த ஆணிகளை வரிசையாக அறைந்து கொடுத்தார். கொண்டைகள் கல்லில் கிறீச்சென்று பிடித்தன. அன்று மச்சான் ஒரு தடவைகூட ஆடாமல் செண்பகாதேவி வரைக்கும் ஏறினார். டோலியை இறக்கி வைத்துவிட்டு ஓடைக்கரையில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து, யாரோ ராயகிரிக்காரர் வாங்கின மாட்டைப் பற்றி என்னிடம் பேசிக்கொண்டிருந்தார். அவர் செருப்பின் ஓரத்திலிருந்து தண்ணீரில் சிவப்பாக ஒரு கோடு ஓடிக்கொண்டிருந்தது.

“என்னலே அப்படிப் பாக்குத?”

செருப்பைக் கழற்றினேன். மூன்று ஆணிகளின் முனை டயரைத் தாண்டி உள்ளங்காலில் ஏறியிருந்தது. ஒன்றரை மைல் ஏற்றத்தையும் அவர் அந்த ஆணிகளின் மேல் நடந்திருக்கிறார். அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு தன் காலைப் பார்த்தார். மாட்டுப் பேச்சை விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கினார்.

கோயில் வாசல்களில் கை கால் குறைந்து உட்கார்ந்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு முதலில் உணர்ச்சிதான் போகும் என்பதும் எனக்குத் தெரியும். மேல்துண்டைக் கிழித்துக் காலைக் கட்டினேன். அவரிடமும் சொல்லவில்லை, வீட்டில் மனைவியிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று நினைத்தேனோ என்னவோ.

மறுநாள் நான் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். இனி முன்கம்பு எனக்கு, நான் வழி பார்த்துச் சொல்கிறேன், நீங்கள் பின்னால் வாருங்கள் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவே இல்லை. அதுவரை பேசாத நான் வழி முழுக்கப் பேசினேன். இங்கன பாசி, இடது கால மேல வைங்க, அடுத்தது ஆடுத கல்லு, நின்னு வாங்க. திருநெல்வேலியிலிருந்து வந்த ஒரு பெரியவர் தூளிக்குள்ளிருந்து, “ஏம்ப்பா, நீ டோலி தூக்குதியா, பஸ்ஸுல ஸ்டாப்பு பேரு சொல்லுதியா?” என்றார். மச்சான் பின்னாலிருந்து சிரித்தது கேட்டது. இரண்டு வாரம் இப்படியே ஓடியது.

அந்தப் புத்திசாலித்தனத்தில் இருந்த தப்பு எனக்குப் பிறகுதான் புரிந்தது. பின்னால் போகிறவனுக்குத் தூளி மறைக்கும், தன் கால் தெரியாது. உள்ளங்காலால் தடவித் தடவித்தான் அவன் நடப்பான். பதினொரு வருஷமும் நான் அப்படித்தான் நடந்திருந்தேன். மச்சான் முன்னால் போனவரைக்கும் கண்ணால் பார்த்தாவது கால் வைத்துக்கொண்டிருந்தார். மிச்சமிருந்த அந்த ஒன்றையும் நான் பிடுங்கி, உணர்ச்சியில்லாத காலை உணர்ச்சி மட்டுமே உதவுகிற இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

ஆடி பிறந்து மலையில் பெருமழை. ஓடை பாதையைக் கடக்கிற சரிவுப் பாறையில் தண்ணீர் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. நில்லுங்க என்று கத்தினேன். கம்பு என் தோளைப் பின்னுக்கு இழுத்தது. தூளி பாறையில் இடித்து, உள்ளே இருந்தவருக்கு முழங்கை சிராய்த்தது. மற்ற டோலிக்காரர்கள் ஓடி வந்து அவரைத் தூக்கினார்கள். மச்சான் தானாகவே எழுந்து நின்றார். அவருடைய வலதுகால் சுண்டுவிரல் பக்கவாட்டில் திரும்பிக் கிடந்தது. அந்தக் காலை ஊன்றித்தான் அவர் நின்றுகொண்டிருந்தார்.

வயதான ஒரு டோலிக்காரர் அவரை உட்கார வைத்துக் காலைத் தன் மடியில் எடுத்து வைத்தார்.

“அங்கிட்டு மரத்தைப் பாருமய்யா. இப்ப எந்த வெரலைப் பிடிச்சிருக்கேன்?”

மச்சான் மரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் ஒரு சைகை காட்டியிருக்கலாம். எல்லாரும் என்னையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பெருவெரலு” என்றார்.

பெரியவர் பிடித்திருந்தது ஒடிந்த சுண்டுவிரல். அவர் காலை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, ஓடையில் போய்க் கை கழுவினார். யாரும் ஏசவில்லை. ஆளுக்கு இரண்டடி பின்னால் போனார்கள், அவ்வளவுதான்.

தென்காசி ஆஸ்பத்திரியில் டாக்டர் குண்டூசியால் முழங்கால் வரைக்கும் குத்திப் பார்த்தார். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். நாலு வருஷம் என்று மச்சான் சொன்னார். நான் திரும்பிப் பார்த்தேன். குஷ்டத்துக்கு வாராவாரம் எண்ணெய் ஊசி போடலாம், பரவாமல் இருக்கலாம், போன உணர்ச்சி திரும்பாது என்றார் டாக்டர். நாலு வருஷத்துக்கு முன்னால் வந்திருந்தால் என்று ஆரம்பித்தவர் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

எங்கள் ஊர் குத்துக்கல்வலசைக்குத் திரும்பி நடக்கும்போது, தெரிந்துகொண்டே ஏன் என்னைக் கயிறு கட்ட விட்டீர்கள் என்று கேட்டேன். அவர் தன் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“நீ கட்டிவிடும்போதெல்லாம், இந்தத் தடவ நின்னுரும்னுதான் தோணிச்சு மாப்ளே.”

வீட்டு வாசலுக்கு வந்ததும் அவர் படி ஏறவில்லை. நான் உள்ளே போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டாள். ஆனியிலிருந்து என்றேன். அவள் அழவில்லை. தட்டில் சோறு போட்டு எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அங்கனயே வச்சிட்டுப் போம்மா என்று அவர் சொன்னது கேட்டது. அவள் தட்டைத் தரையில் வைத்துவிட்டு நகர்ந்த பிறகுதான் அவர் குனிந்து எடுத்தார். தெருவில் நின்றபடியே சாப்பிட்டார். வெளியே போய் அவர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. எதிர்வீட்டில் ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் போகவில்லை.