உரிமையாளர் கையெழுத்து

மாசி 21. காலை 5.40. தென்காசி வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு. தூரம் மூன்று கிலோமீட்டர். ஓட்டியது நான். மனைவி இடப்பக்க இருக்கையில். மாலை 4.20-க்கு இறந்தாள்.

பங்குனி 12. கார் கிளம்பவில்லை. பேட்டரி இறங்கியிருந்தது. இலஞ்சி மெக்கானிக் வந்து சரிசெய்தார்.

ஆனி 4. சாரல் தொடக்கம். காலை 6.10 புறப்பாடு. குற்றாலம் பேரருவி, ஐந்தருவி. எங்கும் இறங்கவில்லை. 7.05-க்கு வீடு.

ஆனி 5. அதே வழி. இறங்கவில்லை.

ஆனி 6. அதே வழி, பழைய அருவி வரை. இறங்கவில்லை.

ஆனி 20. வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். வேலை முடியவில்லை.

ஆனி 29. அதே அலுவலகம். வேலை முடியவில்லை.

ஆடி 8. பதிவுச் சான்று காலாவதியாக இன்னும் ஒன்பது நாள்.

மேலே உள்ளவை காரின் முன்பெட்டியில் கிடக்கும் கெட்டி அட்டை நோட்டில் இருப்பவை. நோட்டு என் மனைவியுடையது. ஆயில் மாற்றிய நாள், டயர் மாற்றிய நாள், பழுது பார்த்த நாள் என்று பதினைந்து ஆண்டுகளாக அவள் எழுதிவந்தாள். தமிழ்த் தேதிதான் போடுவாள். காலையில் நாட்காட்டித் தாளைக் கிழிப்பவள் அவள். மாசி 21 முதல் கையெழுத்து மாறுகிறது. நான் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவன். அளந்ததை எழுதுங்கள், நினைத்ததை எழுதாதீர்கள் என்று ஆய்வுக்கூடத்தில் ஆண்டுதோறும் சொல்லிவந்தவன். ஆகவே நோட்டில் அவ்வளவுதான் இருக்கிறது. மீதியை இங்கே எழுதுகிறேன். இதுவும் ஓரிடத்தில் உட்கார்ந்து எழுதியதன்று. இரண்டு பத்தி எழுதினால் எழுந்து வாசலுக்குப் போய்க் காரைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

வெள்ளை நிறம். எண்ணூறு சி.சி. எஞ்சின். நால்வர் உட்கார்ந்தால் நால்வரின் முழங்காலும் எதையாவது இடிக்கும். அவள் இலஞ்சியில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருந்தாள். நாற்பத்தெட்டாம் வயதில், பேருந்துக்கு நின்று நின்று கால் வீங்குகிறது என்று ஒரு காலை சொன்னாள். அடுத்த வாரம் கார் ஓட்டப் பழகச் சேர்ந்துவிட்டாள். என்னிடம் கேட்கவில்லை, தெரிவித்தாள். கார் வந்தபோது அவள் பெயரிலேயே பதிவாயிற்று. ஊரில் அதற்கு ‘டீச்சர் வண்டி’ என்று பெயர். நான் ஓட்டிப் போனாலும் அந்தப் பெயர் மாறவில்லை. ‘டீச்சர் வண்டியில சார் போதாரு’ என்பார்கள்.

எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவளும் அவள்தான். அப்போது எனக்கு ஐம்பத்துமூன்று வயது. இலஞ்சிக்குப் போகும் வழியில், இருபுறமும் வயல் இருக்கும் இடத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் பாடம் நடக்கும். வண்டி துள்ளி நின்றுபோகும்.

“கிளச்ச விடுங்கன்னா மெதுவா விடணும். விட்டெறியச் சொல்லல.”

“மெதுவாகத்தான் விட்டேன்.”

“உராய்வு எப்படி வேல செய்யுதுன்னு பிசிக்ஸ் வாத்தியாருக்கு நாந்தான் சொல்லணுமா? முப்பது வருசமா பிள்ளேளுக்கு என்னத்த சொல்லிக் குடுத்தீங்க?”

அவளுடைய வகுப்பில் படித்தவர்கள்மேல் அன்று எனக்கு இரக்கம் உண்டானது. ஆனால் மூன்றாம் ஞாயிறு வண்டி துள்ளவில்லை.

காரில் அவள் வகுத்த சில சட்டங்கள் இருந்தன. முதலாவது, சாரலுக்கு வைப்பர் போடக் கூடாது. மேற்கே மலையிலிருந்து காற்றோடு வரும் அந்தப் பொடித் தூறலை எங்கள் பக்கத்தில் யாரும் மழை என்று சொல்வதில்லை. அவளுக்கு அது மொழிப்பிரச்சினை மட்டுமன்று. கண்ணாடியில் துளிகள் சேர்ந்து எதிரே வரும் பேருந்து கலங்கித் தெரியும்போது நான் ஒளிவிலகலைப் பற்றிப் பேசுவேன். “இது சாரல்ங்க. மழை வந்தா போடுவோம்” என்பாள். வேகத்தைக் குறைப்பாளே தவிர வைப்பரைத் தொடமாட்டாள். குற்றாலத்துக்கு ஐந்து கிலோமீட்டர். அதற்கு அரைமணி நேரம் ஆனதுண்டு.

இரண்டாவது சட்டம் என் தவற்றால் உண்டானது. கார் வந்த முதல் ஆடியில், தென்காசிக் கோயில் முன்னால் நிறுத்தினாள். கோபுர வாசல் வழியாக அந்த மாதத்தில் எப்படிக் காற்று வரும் என்பது ஊரில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். அவர்கள் காருக்குள் இருந்தபடியே கதவை இரு கையாலும் பிடித்துக்கொண்டு சாண் அகலம் திறந்து, காற்று அடங்கும் கணத்தில் இறங்குவார்கள். நான் கரிசல் மண்ணான திருவேங்கடத்தில் பிறந்தவன். அங்கே காற்று நினைவிருக்கும்படி எதையும் செய்ததில்லை. ஒரு கையால் கதவைத் திறந்தேன். கதவு என் கையிலிருந்து பறிபோய் முன்பக்கம் மடங்கியது. கீல் வளைந்துவிட்டது.

அவள் இறங்கி வந்து பார்த்தாள். வேட்டியையும் கதவையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“கரிசக்காட்டுக்காரவுகளுக்குக் காத்து எங்கிட்டு இருந்து வருதுன்னு யாரு சொல்லிக் குடுக்க? ரெண்டுல ஒண்ண விடுங்க. கதவ விட்டாலும் சரிதான்.”

அதன்பின் எத்தனை முறை சரிசெய்தும் அந்த இடப்பக்கக் கதவைச் சற்று மேலே தூக்கித்தான் சாத்த வேண்டும். ஏறுகிறவர் எவரானாலும் “தூக்கிச் சாத்துங்க” என்று சொல்வாள். சம்பந்தி வீட்டார் முதன்முறை வந்தபோது வணக்கத்துக்கு முன் அதைத்தான் சொன்னாள்.

சீசன் நாட்களில் வீட்டிலேயே எண்ணெய் தேய்த்துக்கொண்டு, இருக்கைகளின் மேல் பழைய போர்வையை விரித்து, விடியுமுன் குற்றாலம் போய்விடுவோம். பெண்கள் பக்கம் அவள், ஆண்கள் பக்கம் நான். யார் முதலில் குளித்து முடித்தாலும் காருக்கு வந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. பதினான்கு சீசனில் ஒருமுறைகூட அவள் முதலில் வந்ததில்லை. நான் ஈரவேட்டியோடு நடுங்கிக்கொண்டு நிற்பேன். சாவி அவளிடம் இருக்கும். உதடு வெளுத்து, முடியிலிருந்து நீர் சொட்ட, ஒரு பை மங்குஸ்தானோடு வருவாள். தாமதம் ஏன் என்று கேட்டால் ஒரே பதில்தான். “தண்ணி விடலங்க.”

சென்ற ஆடியில் நாங்கள் போகவில்லை. இதை எழுதுவதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன் என்று நினைக்கிறேன். எழுந்து போய்விட்டு மறுபடி வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

அவளுடைய இதயம் அப்போதே பலவீனப்பட்டிருந்தது. ஆனால் கூட்டமில்லாத நேரத்தில் ஓரமாகக் கால் மணிநேரம் நின்றால் ஒன்றுமாகாது என்று மருத்துவர் அவளிடமும் என்னிடமும் சொல்லியிருந்தார். அவள் மூன்று முறை கேட்டாள். முதல்முறை கூட்டம் என்றேன். இரண்டாம்முறை குளிர் என்றேன். மூன்றாம்முறை சொல்வதற்குக் காரணம் எதுவும் மிஞ்சவில்லை. அவள் ஜாதகத்தில் அறுபத்திரண்டுக்கு மேல் நீரில் கண்டம் என்று எழுதியிருப்பது நினைவுக்கு வந்தது. திருமணமான நாளிலிருந்து நாங்கள் இருவரும் சிரித்துவந்த வரி அது. அதைச் சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. “நீங்களா சொல்லுதீங்க?” என்று மட்டும் கேட்டாள். பிறகு, “சரி, அடுத்த சீசனுக்குப் போவோம்” என்றாள். அடுத்த சீசன் இப்போது நடந்துகொண்டிருக்கிறது. அவள் இறந்தது நீரிலன்று. நான்காம் தளத்தில், உலர்ந்த ஓர் அறையில்.

காரின் பதிவுக்காலம் பதினைந்து ஆண்டு. அது இந்த ஆடியில் முடிகிறது. புதுப்பிக்க வேண்டும் என்றால் உரிமையாளர் விண்ணப்பிக்க வேண்டும். உரிமையாளர் இல்லையென்றால், இல்லை என்று எழுதிக்கொடுத்து என் பெயருக்கு முதலில் மாற்ற வேண்டும். இரண்டும் செய்யாவிட்டால் கார் தெருவில் ஓட முடியாது. பெங்களூரிலிருந்து மகன் வாரம் ஒருமுறை அழைக்கிறான். “அப்பா, அதக் குடுத்துருங்க. எதுக்கு வச்சிக்கிட்டு அலையுதீங்க? தினமும் எங்க போறீங்கன்னு பக்கத்து வீட்டுல கேக்குதாங்க.” வீட்டில் இருந்தால் நாற்காலி மாற்றி நாற்காலி உட்காருகிறேன். காரில் இருந்தால் ஒரே இருக்கையில் ஒரு மணிநேரம் இருக்க முடிகிறது. சாலை நகர்வதால் நான் நகர வேண்டியதில்லை.

ஆனி மாத நடுவில் இலஞ்சி மெக்கானிக்கிடம் போனேன். காரின் முதல் ஆண்டிலிருந்து அதைக் கவனித்துவருபவர். அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து கையைத் துடைத்தார்.

“எஞ்சின் கல்லு மாரி இருக்கு சார். டீச்சர் ஓட்டுன வண்டில்லா. பேப்பர்தான் முடியப்போவுது. பேர மாத்திட்டா இன்னும் அஞ்சு வருசம் ஓட்டலாம். இல்லன்னா கண்டம் பண்ண வேண்டியதுதான்.”

உடைக்கப் போகும் வண்டியை இங்கே கண்டம் என்பார்கள். ‘கண்டெம்’ என்ற ஆங்கிலச் சொல் பட்டறைகளில் தேய்ந்து அப்படி ஆகியிருக்கிறது. எனக்கு அது தெரியும். இருந்தும் அந்தச் சொல்லைக் கேட்டதும், “அதெல்லாம் மூடநம்பிக்கை” என்று சொல்லிவிட்டேன். உரக்கவே சொல்லிவிட்டேன்.

அவர் என்னையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார். “கண்டம் பண்ணுததா சார்?”

“ஆமாம்.”

“சரி சார்” என்றார். பிறகு, “ஒரு டீ குடிக்கீங்களா?” என்று கேட்டார். குடித்தேன்.

ஆனி 20 அன்று போக்குவரத்து அலுவலகம் போனேன். சாளரத்துக்குப் பின்னால் இளம்பெண் ஒருவர் தாள்களை வாங்கிப் புரட்டினார்.

“ஓனர் கையெழுத்து இல்லையே சார். அம்மா வரலையா?”

“வரவில்லை.”

“வெளியூரா?”

“ஆமாம்” என்றேன்.

“வந்ததும் கூட்டிட்டு வாங்க.”

ஆனி 29 அன்று அதே சாளரம். “இன்னும் வரலையா சார்?” என்றார். இல்லை என்றேன். கைப்பையில் இறப்புச் சான்று இருந்தது, வாரிசுச் சான்றும் இருந்தது. எடுத்து நீட்டினால் பேசவே வேண்டாம். திரும்பி வந்து நோட்டில் வேலை முடியவில்லை என்று எழுதினேன். பொய் எழுதவில்லை.

அவள் இறந்த அன்று உறவினர்கள் எல்லாரிடமும் தொலைபேசியில் சொன்னவன் மகன். பள்ளியில் சொன்னது பக்கத்து வீட்டார். செய்தி என்னைத் தாண்டித்தான் எங்கும் போயிற்று. நான் யாரிடமும் சொல்ல நேரவில்லை. பிறகு, தெரியாதவர் எவரும் எஞ்சவில்லை. அந்தச் சாளரத்துப் பெண் ஒருவர்தான் எஞ்சியிருந்தார்.

ஆடி 9 அன்று காலை பத்துமணிக்குப் போனேன். சாரல் நின்று வெயில் அடித்தது. வரிசையில் எனக்கு முன்னால் இருவர்.

“வாங்க சார். அம்மா வந்துட்டாங்களா?”

“அவள் இறந்துவிட்டாள்” என்றேன். “மாசி மாதம். அன்று உங்களிடம் வெளியூர் என்று சொன்னது சரியில்லை.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். சான்றுகளைக் கொடுத்தேன். வாங்கிப் படித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “லேட் ஆயிட்டு சார். காரணம் ஒரு தாள்ல எழுதிக் குடுக்கணும்” என்றார்.

சுவரோரம் இருந்த மேசையில் நின்றபடி எழுதினேன். அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் முறைப்படி எழுதி, தாமதத்துக்கான காரணம் என்ற இடத்தில் இப்படி எழுதினேன்: ‘என் மனைவியின் இறப்பை இன்றுவரை நான் எவரிடமும் என் வாயால் கூறியதில்லை. கூறினால் அவள் கேட்டதை நான் மறுத்ததையும் கூற வேண்டியிருக்கும்.’

அந்தப் பெண் அதைப் படித்தார். இரண்டாம்முறை படித்தார். பிறகு தாளை மடித்து என்னிடமே நீட்டினார்.

“இது எங்க ஃபைலுக்கு வேண்டாம் சார். நீங்களே வச்சிக்கிடுங்க. வேற தாள்ல ‘உடல்நலக் குறைவு’ன்னு ஒரு வரி போடுங்க, போதும்.”

“யாருக்கு என்று கேட்பார்களே?”

“கேக்க மாட்டாங்க சார். யாருமே கேக்க மாட்டாங்க.”

எழுதிக் கொடுத்தேன். முத்திரை குத்தினார். ஒப்புகைச் சீட்டைக் கிழித்துத் தரும்போது, “அம்மாவே வண்டி ஓட்டுவாங்களா?” என்று கேட்டார்.

“நன்றாக ஓட்டுவாள். எனக்குக் கற்றுக்கொடுத்தவளே அவள்தான்.”

“எங்க வீட்டுக்காரர் எனக்கு ஸ்கூட்டியவே தரமாட்டேங்காரு” என்று சொல்லிவிட்டு, அடுத்தவரின் தாளை வாங்கினார்.

வெளியே வந்து காரில் உட்கார்ந்தேன். சாவியைத் திருப்பவில்லை. எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. பின்னால் நின்ற வண்டிக்காரர் ஒலிப்பானை அடித்து, “அண்ணாச்சி, எடுக்கீங்களா, இல்ல இங்கனயே குடியிருக்கப் போறீங்களா?” என்று கேட்டபோதுதான் எடுத்தேன். அன்று குற்றாலத்துப் பக்கம் திரும்பவில்லை, நேராக வீட்டுக்கு வந்தேன்.

செய்யாமல் இருப்பவை:

1. காப்பீட்டில் பெயர் மாற்றம்.

2. தகுதிச் சோதனைக்கு முன் பின்விளக்குகள் இரண்டும் மாற்ற வேண்டும்.

3. ஓட்டுநர் இருக்கை இன்னும் அவள் உயரத்துக்குத்தான் இருக்கிறது. பின்னால் தள்ள வேண்டும்.

4. கொடுக்கப் போவதில்லை என்று மகனிடம் சொல்ல வேண்டும். அவனுடைய அம்மா மூன்று முறை கேட்டதையும்.