ஒரே ஒரு 'இல்ல' கேட்டு ஜெபித்தேன்

சபையாரே, பேச்சு வராதவர்களைப் பேசவைக்கிற படிப்பு படித்தவள் நான். ஆனால் என் சொந்தக் கதையைச் சொல்ல எழுந்தால் எனக்கே பேச்சு வருவதில்லை. அதற்காகச் சொல்லாமல் இருந்தால் நன்றி கெட்டவள் ஆகிவிடுவேன். இதோ முன்வரிசைப் பாயில் உட்கார்ந்திருக்கிறாரே என் அம்மா ஞானம்மா, அவருக்காகக் கர்த்தர் செய்ததைச் சொல்கிறேன்.

பல வருடங்களுக்கு முன் ஒரு மே மாதம் ஆட்சி மாறியது. பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ச் சுவர்களில் பழைய சின்னத்தை அழித்துப் புதுச் சின்னம் வரைந்துகொண்டிருந்தார்கள். நான் சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் பேச்சுப் பயிற்சி மேற்படிப்பில் முதல் வருடத்தை முடித்திருந்தேன். பக்கவாதத்தில் பேச்சை இழந்தவர்களை மறுபடி பேச வைப்பது எப்படி என்பதுதான் அந்தப் படிப்பு. அந்த மாதமே அம்மா, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போன இடத்தில் சுருண்டு விழுந்தார். வலது கையும் காலும் போயின. பேச்சும் போனது. ஒரே ஒரு சொல்தான் மிச்சம். "ஆமா."

"சாப்டியாம்மா?" என்றால் "ஆமா" என்பார். சாப்பிட்டிருக்க மாட்டார். "தலை வலிக்குதா?" "ஆமா." வலிக்காது. அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த சித்தி ஒருநாள் அழுகையும் ஆத்திரமுமாக, "மாமா கடைக்குப் போயிருக்காராக்கா?" என்று கேட்டார். மாமா என்றது என் அப்பாவை. அவர் இறந்து பல வருடம் ஆகியிருந்தது. அதற்கும் "ஆமா"தான்.

என் பேராசிரியைக்குப் போன் செய்தேன். "அது பதில் இல்லம்மா, வாயில ஒட்டிக்கிட்ட சத்தம். உள்ள அவங்களுக்கு எல்லாம் புரியும். இல்லன்னு நெனச்சாலும் ஆமான்னுதான் வெளிய வரும்" என்றார். அடப் பாவமே, இதையே நான் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதி நல்ல மார்க் வாங்கியவள்! சொந்த அம்மாவுக்கு என்றதும் டெலிபோன் பூத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

எங்களுக்கு இருந்தது குத்தகை நிலம். நிலக்காரர் கும்பகோணத்தில் இருந்தார். அவருக்காக ஊரில் எல்லாம் பார்த்துக்கொள்பவர் ஒரு காரியஸ்தர். என் அப்பா அதே பண்ணையில் ஆளாக இருந்தவர். கொடி பிடித்து, அடிபட்டு, ஜெயிலுக்கும் போய்த்தான் குத்தகைதாரர் என்று பெயரைப் பதிந்தார். அப்பாவுக்குப் பிறகு அது அம்மா பெயருக்கு வந்தது. அந்த வயல்தான் எங்கள் சோறு. அந்த நெல்லில்தான் நான் காலேஜுக்குப் போனேன்.

ஆடி மாதம் ஒரு மத்தியானம். நான் சென்னையில் இருந்தேன், சித்தி கடைத்தெருவுக்குப் போயிருந்தார். காரியஸ்தர் ஊர்க்காரர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறார். தேர்தல் வரைக்கும் ஒரு கட்சிக் கரை வேட்டி, ரிசல்ட் வந்த மறுநாளே வேறு கரை, அப்படிப்பட்ட மனிதர். அம்மாவைப் பார்த்து, "ஞானம்மா, வயல நீயே விட்டுடுறதானே?" என்று கேட்டிருக்கிறார்.

"ஆமா."

"மனசாரத்தானே?"

"ஆமா, ஆமா."

அவ்வளவுதான். இரண்டு பேர் சாட்சி. குத்தகைக்காரி தானாக நிலத்தை விட்டுவிட்டாள் என்று தாலுகா ஆபீசுக்கு மனு போய்விட்டது.

சேதி கேட்டு ரயில் ஏறி வந்து, நேராக ஆபீசுக்கு ஓடினேன். விசாரணை அதிகாரி நல்ல மனிதர். டாக்டர் சீட்டைக் காட்டினேன். "பேச்சு பாதிச்சிருக்குன்னுதாம்மா இதுல இருக்கு. ஆமான்னு தெளிவா சொன்னாங்கன்னு ரெண்டு பேர் சொல்றாங்களே" என்றார். "நீங்க மக. நீங்க சொல்றத வச்சு நான் எழுத முடியாது. பொரட்டாசி பொறந்ததும் வயலுக்கே வரேன். அவங்க வாயால 'இல்ல'ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், போதும்."

ஒரு வார்த்தை. இதற்கு அவர் என் உயிரையே கேட்டிருக்கலாம்.

டிபார்ட்மெண்டில் லீவு சொல்லிவிட்டு வீட்டோடு இருந்தேன். கற்ற வித்தை அத்தனையையும் அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை முன்னால் வைத்து, "இ... ல்... ல... என் வாயப் பாரும்மா" என்றேன். அம்மா என் வாயையே பார்ப்பார். உதடு நடுங்கும். நெற்றியில் வேர்வை பூக்கும். "ஆமா" என்பார். சொன்னதும் அது தப்பு என்று அவருக்கே தெரியும், கண் நிறைந்துவிடும். தலையையாவது ஆட்டம்மா என்றால் மேலும் கீழும்தான் ஆடும். துறையிலிருந்து கொண்டுவந்த படங்களைக் காட்டினேன். ஆப்பிள், குடை, ஏரோப்ளேன். எல்லாமே "ஆமா".

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவை ஆராதனைக்குத் தூக்கிவந்தோம். பாட்டு ஆரம்பித்ததும் அம்மா வாயைத் திறந்து வரிவரியாகக் கூடவே பாடினார்! சபையே "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று எழுந்துவிட்டது. மேரி அத்தை என்னைக் கட்டிக்கொண்டு, "பேச்சு வந்துட்டுதுடி!" என்றார்கள். எனக்குத்தான் நெஞ்சு வலித்தது. "பாட்டு மூளைல வேற எடத்துல இருக்கு அத்த. பேச்சு வரல" என்றேன். அத்தை என்னை அவிசுவாசியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். இருந்தாலும் ஓர் ஆசை. வீட்டுக்கு வந்து அதே ராகத்தில் "இல்ல, இல்ல" என்று பாடச் சொல்லிக் கொடுத்தேன். அம்மா ராகம் பிசகாமல் "ஆமா, ஆமா" என்று பாடினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அந்தச் சிரிப்பை நிறுத்த முடியாமல் அழுதேன்.

அந்த நாட்களில் சோறு இறங்கவில்லை. படித்த படிப்பு பொய் என்று தோன்றியது. புத்தகங்களைக் கட்டி மூலையில் போட்டேன். வயல் போனால் படிப்பும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்றிருந்தேன். செத்துப்போனால் என்ன என்றும் நினைத்தேன், மறைக்கவில்லை. அம்மா இடது கையால் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே இருப்பார். எனக்குள் ஓடுவது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உபவாசம் இருந்தேன். முழங்காலில் நின்றேன். கடைசியில் ஒரு காலை, மாட்டுக்கொட்டகையில் நின்றுகொண்டு சண்டையே போட்டேன். "ஆண்டவரே, உமக்கு ஒரு வார்த்தைக்கா பஞ்சம்? வயல் முழுக்கத் தண்ணி கேட்டேனா? வீடு கேட்டேனா? ஒரே ஒரு 'இல்ல'. அதக் கொடுக்க முடியலன்னா, இனிமே என்கிட்ட ஜெபம் எதிர்பார்க்காதேயும்!" என்று கத்தினேன். மாடு மிரண்டு கயிற்றை இழுத்தது.

அந்த வருடம் ஆற்றில் தண்ணீர் தாமதம். வந்த தண்ணீரை வைத்துச் சித்தி நாற்றங்கால் விட்டிருந்தார். விசாரணைக்கு அதிகாரி வந்தபோது நாற்று கணுக்கால் உயரம், பச்சைப்பசேல் என்று நின்றது. அம்மாவை நாற்காலியோடு தூக்கிவந்து வரப்பில் வைத்தோம். காரியஸ்தரும் அவருடைய சாட்சிகளும் எதிரே நின்றார்கள்.

அதிகாரி குனிந்து பொறுமையாகக் கேட்டார். "அம்மா, இந்த வயல நீங்களா விட்டுக் குடுத்தீங்களா?"

"ஆமா."

"யோசிச்சு சொல்லுங்கம்மா."

"ஆமா, ஆமா." அம்மா இடது கையால் தன் தொடையை அடித்துக்கொண்டார். கண்ணீர் கொட்டியது.

"சார், நீங்க அவங்க பெத்த புள்ளையான்னு கேளுங்க சார்!" என்றேன். அவர் தயங்கித்தான் கேட்டார். "ஆமா" என்றார் அம்மா. சாட்சிக்காரர்கள் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. "புரியுதும்மா. இவங்க 'ஆமா'வ நான் எடுத்துக்கல. ஆனா விடலன்னும் அவங்க சொல்லலியே. நான் என்னன்னு எழுதுறது?" என்றார்.

முடிந்தது என்று நினைத்தேன். ஜெபிக்கக்கூட வாய் வரவில்லை.

காரியஸ்தருக்குத் தைரியம் வந்துவிட்டது. "வயல் எல்ல எதுவரைக்கும்னு காட்டுறேன், வாங்க சார்" என்று வரப்பிலிருந்து இறங்கினார். சுற்றிப் போகப் பொறுமையில்லை. போட்டிருந்த தோல் செருப்போடு நாற்றங்காலுக்குள்ளேயே இறங்கி, நாற்றை மிதித்துக்கொண்டு நடந்தார்.

"டேய்!"

யார் குரல் என்று எனக்குத் தெரியவில்லை.

"செருப்பக் கழட்டுடா! என் நாத்துடா அது! ஏறுடா மேல!"

அம்மா! என் அம்மா! நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, இடது கையை நீட்டிக்கொண்டு கத்தினார். காரியஸ்தர் திகைத்துப்போய், சொன்னபடியே மேலே ஏறிவிட்டார். ஏறிய பிறகுதான் யார் சொல்லி ஏறினோம் என்று அவருக்கே உறைத்திருக்கும். முகம் கறுத்துவிட்டது.

அதிகாரி மிதிபட்ட நாற்றைக் குனிந்து பார்த்தார். பிறகு, "விட்டுக் குடுத்தவங்க நாத்துக்காக இப்படிக் கத்த மாட்டாங்க" என்றார். அம்மாவிடம் திரும்பி, "அம்மா, இது உங்க வயலா?" என்று கேட்டார்.

"ஆமா" என்றார் அம்மா.

அத்தனை மாதங்களில் முதல் தடவையாக அந்தச் சொல் அதன் சரியான இடத்தில் வந்து உட்கார்ந்தது. மனு தள்ளுபடியானது. குத்தகை அம்மா பெயரிலேயே இருக்கிறது.

கோபத்தில், பயத்தில் தானாக வெடித்து வரும் சொற்கள் மூளையில் வேறு வழியாக வரும் என்று என் படிப்பு சொல்லும். பேராசிரியையும் அதைத்தான் சொன்னார். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மனிதரை அந்த நேரத்தில் செருப்போடு அந்த நாற்றில் இறக்கியது யார்? அதற்குப் பாடம் எதிலும் பதில் இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அம்மா வாழ்நாளில் யாரையும் 'டா' போட்டதில்லை. அந்தக் காரியஸ்தர் முன்னால் அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றவர். மேலத்தெருவில் நடக்கும்போது அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போன காலம் உண்டு. "செருப்பக் கழட்டு" என்பது அவர் சொல்லிப் பழகிய வார்த்தை அல்ல. சிறுவயதிலிருந்து அவரைப் பார்த்து மற்றவர்கள் சொன்ன வார்த்தை. கர்த்தர் அதைத்தான் தேடி எடுத்து அவர் வாயில் வைத்தார். நான் கேட்டதோ ஒரு சாதுவான 'இல்ல'.

புத்தகக் கட்டை அவிழ்த்துக்கொண்டு சென்னைக்குத் திரும்பினேன். என் ஆய்வை வயல்வேலை செய்து பேச்சிழந்த பெண்களைப் பற்றியே செய்தேன். ஏரோப்ளேன் படத்தை எடுத்துவிட்டு நாற்றுமுடி, மடை, மண்வெட்டி என்று படம் வரைந்து வைத்தேன். இப்போது தஞ்சாவூரில் அதே வேலைதான் செய்கிறேன். அம்மாவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொற்கள் வருகின்றன. 'இல்ல' இன்னும் வரவில்லை. அதற்கும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது அடைத்துக்கொண்டு நிற்கிறதா? கேளுங்கள். அழகாகக் கேட்க வரவில்லை என்றால் சண்டை போட்டுக் கேளுங்கள். அவர் என்மேல் கோபித்துக்கொள்ளவில்லை, உங்கள்மேலும் மாட்டார். நீங்கள் கேட்ட வார்த்தையே வராமல் போகலாம். வருகிற வார்த்தை போதுமானதாக இருக்கும்.

கூட்டம் முடிந்ததும் என் அம்மாவிடம் வந்து பேசிவிட்டுப் போங்கள். என்ன கேட்டாலும் சிரித்துக்கொண்டு "ஆமா" என்பார். வரும்போது செருப்பை மட்டும் வாசலில் விட்டுவிட்டு வாருங்கள்.