பஸ்ஸில் பிடித்துவைத்த இடம்

நான் கணித ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். கடைசியாகப் படிப்பித்தது கலஹாப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில். வீடு கண்டியில். பாடசாலை விட்ட பிறகு போனால் பேராதனை வழியாகப் போகும் பஸ்ஸில் நிற்கவும் இடம் இருக்காது. அதனால் கடைசிப் பாடவேளை தொடங்கியதும் பத்தாம் வகுப்பு மாணவத் தலைவனிடம் என் குடையைக் கொடுத்து அனுப்புவேன். தரிப்பிடத்தில் நிற்கும் பஸ்ஸில் அதை வைத்து அவன் எனக்கு இடம் பிடிப்பான். கொஞ்ச நேரத்தில் நானும் பாடசாலையின் பின்வாசலால் இறங்கிவிடுவேன்.

நான் இல்லாத வகுப்பில் அடிபிடி நடக்கும். சத்தம் போட்டவர்களை மறுநாள் முழங்காலில் நிறுத்துவேன். ஒழுக்கக் குழுவுக்கும் நானே பொறுப்பு.

ஒருநாள் நான் தரிப்பிடத்தை நெருங்கியபோது, கல்விக் காரியாலயத்திலிருந்து திரும்பிய பாடசாலை அதிபர் பையனை பஸ்ஸிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் படாமல் வகுப்புக்குத் திரும்பிவிட்டேன். குடையும் கையுமாக அவனையும் அங்கேதான் கூட்டிவந்தார்.

"சேர், இவன் உங்க பாடத்துல இருந்தானா?"

"இல்லை," என்றேன். சொன்னது பொய்யில்லை என்று அன்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். இன்று அது முடிவதில்லை.

"எங்கடா போகப் பாத்த? படத்துக்கா?"

"மழைக்கு ரெடியாத்தான் போயிருக்கான் சேர்," என்றான் பின்வரிசையில் ஒருவன். வகுப்பு சிரித்தது. அது யாருடைய குடை என்று அதிபரைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

"சும்மாதான் போனேன் சேர்," என்றான் பையன். என்னைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலைக் கூட்டத்தில் அவனுடைய மாணவத் தலைவர் சின்னத்தை நான்தான் கழற்றினேன். ஊசி சட்டையில் சிக்கிக்கொண்டது. அவனே எடுத்துத் தந்தான்.

அன்று அவனுடைய அம்மா கொழுந்து பறிக்கப் போகாமல் அதிபரிடம் வந்தார். என்னையும் கூப்பிட்டார்கள்.

"அந்த பெட்ஜ மட்டும் திருப்பிக் குடுத்துருங்க சேர். லயம் பூராவும் வீடு வீடாக் காட்டியிருக்கான்."

அதிபர் இரங்கிவிட்டார். "சேர் சரின்னு சொன்னா குடுக்கலாம்," என்று என்னைக் காட்டினார்.

கொடுத்தால் பேச்சு மறுபடி கிளம்பும், அவன் எதற்குப் போனான் என்று யாராவது கேட்பார்கள் என்று பயந்தேன். "ஒருத்தனுக்கு விட்டா மத்தப் பிள்ளைகளும் கெட்டுப்போகும்," என்றேன்.

அந்த அம்மா வாதாடவில்லை. "சரிங்க சேர். இனி ஓட மாட்டான். நீங்கதான் கூட இருந்து பாத்துக்கணும்."

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அன்றும் கடைசிப் பாடவேளை எனக்குத்தான். அனுப்ப ஆளில்லாததால், வழக்கத்தைவிட முன்னதாகவே கிளம்பிப் போய் நானே இடம் பிடித்தேன்.